அதுக்கு முன்னாடி எந்த ஊரு?

திருப்பருத்திக்குன்றம் திரைலோக்கியநாதர் கோயிலுக்கு வரும் வெளியூர்க்காரர்கள் கேட்கிற ஒரு கேள்வி எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாமி கும்பிட்டுவிட்டு வரும் குடும்பத்தை வழிமறித்து, "நீங்க ராஜஸ்தானா? தமிழ் நல்லா பேசறீங்களே!" என்பார்கள். போன மாதம் மாட்டியவர் வந்தவாசிப் பக்கம் நெல்லும் மணிலாவும் போடுகிற விவசாயி. நயினார் என்று சொல்லும் தமிழ்ச் சமணர். "எங்களுக்கு இந்தப் பக்கந்தாங்க" என்று சிரித்து மழுப்பினார். கேட்டவர் விடுவதாயில்லை. "அதுக்கு முன்னாடி?"

முன்னாடி என்றால் எவ்வளவு முன்னாடி? இங்குள்ள சங்கீத மண்டபத்தை விஜயநகர அமைச்சர் இருகப்பர் கட்டியதே 1387-ல். கோயில் அதற்கும் மூத்தது. நன்னூல் எழுதிய பவணந்தியும் சமணர், சிந்தாமணி பாடிய திருத்தக்கதேவரும் சமணர். அவர்களிடம் சொந்த ஊர் கேட்டோமா? (ராஜஸ்தான்காரராக இருந்தால்தான் என்ன, வாசலில் வைத்தா விசாரிப்பது?)

"தெரியாம கேக்கறாங்க, விடுங்களேன்" என்கிறாள் என் மனைவி. தெரியாதவர் கேட்கும் விதமே வேறு. சிந்தாமணியில் இறங்கியபோது உ.வே.சா.வுக்கும் சமணம் தெரியாது. கும்பகோணத்துச் சமணர்களைத் தேடிப்போய்ப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், 1887-ல் நூலை அச்சில் கொண்டுவந்தார். நம்மவர்களுக்கோ விதானத்தில் வண்ணம் வண்ணமாக இருக்கும் ரிஷபதேவர் கதையை நிமிர்ந்து பார்க்கவும் நேரமில்லை, பட்டுக்கடைக்குப் போகவேண்டும்.

அந்த விவசாயியின் மகளுக்குப் பத்து வயதிருக்கும். "நாம எங்கேர்ந்துப்பா வந்தோம்?" என்று கேட்டுக்கொண்டே ஆட்டோவில் ஏறினாள்.