முரட்டுச் சேவலை இனத்துக்கு விடலாமா?

ஆட்களை எதிர்த்துப் பாயும் சேவலை வீரமுள்ளதென்று மெச்சி, அதையே இனத்துக்கு விடும் வழக்கம் குடியானவர்களிடையே காணப்படுகிறது. இவ்வழக்கம் கைவிடத்தக்கதென்பது என் அபிப்பிராயம். பருந்தைக் கண்டவுடன் குரல் கொடுத்துப் பெட்டைகளை மறைவிடத்துக்கு ஓடச் செய்வதே சேவலின் காவல். முற்றத்தில் விளையாடும் குழந்தையின் முகத்தில் கால்முள்ளைப் பாய்ச்சுவது காவலாகாது. அதனால் கண்ணே போகக்கூடும்.

பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும். மிஞ்சினால் சேவல்கள் தமக்குள் சண்டையிடும். ஓயாது மிதிபட்டுப் பெட்டைகளின் முதுகிறகும் உதிரும். ஆகையால் உபரிச் சேவல்களை முதலில் விலக்குக. பின்னும் ஆட்கள்மீது பாயும் சேவலை அடித்துத் திருத்த முயலவேண்டாம். அடியை அது சண்டைக்கு அழைப்பாகவே கொள்ளும். முள்ளின் நுனியைத் தேய்த்துவிட்டால் காயம் குறையுமேயன்றிக் குணம் மாறாது.

முரட்டுக்குணம் குஞ்சுகளுக்கும் இறங்கக்கூடியது. ஆதலால் அத்தகைய சேவலைக் கறிக்கு அனுப்பிவிட்டுச் சாதுவான சேவலைச் சேர்ப்பதே உசிதம். ஆயினும் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. சேவலை விலக்கிய பின்னும் இரண்டு மூன்று வாரம் வரை அதன் விந்து பெட்டையின் உடலில் தங்கியிருக்கும். எனவே மூன்று வாரம் கழிந்தபின் இடும் முட்டைகளையே அடைக்கு வைக்கவேண்டும். அதற்கு முந்தியவற்றை உண்ணலாம் அல்லது விற்கலாம்.

கிராம அதிகாரிகள் தங்கள் வீடுகளில் இதை முதலில் அனுஷ்டித்துக் காட்டினால், ஏனையோரும் தயக்கமின்றிப் பின்பற்றுவர்.