நிழலும் ஆணவமும்

கூத்தப்பிரான் திருமேனிக்குப் பொருள் கூறப் புகுந்தோர் சிலர் இக்காலத்து ஒரு புதுக்கொள்கையைப் பரப்பி வருகின்றனர். திருவடியின்கீழ்க் கிடக்கும் முயலகன் நம் உள்ளத்து மறைந்துறையும் 'நிழல்' என்பர். அந்நிழலே சித்தாந்தம் கூறும் ஆணவமலம் என்பர். அதனை இனங்கண்டு தன்னோடு இணைத்துக்கொள்வதே வீடுபேறு என்றும் முடிப்பர்.

இந்நிழற்கொள்கை சுவிட்சர்லாந்து நாட்டு உளநூற் புலவர் கார்ல் யுங் (1875–1961) என்பாரது. ஒருவன் தனக்கு ஒவ்வாதன என்று ஒதுக்கிய இயல்புகளின் திரட்சி நிழல். கனவிலும் பழங்கதையிலும் எந்நாட்டார்க்கும் பொதுவாய்த் தோன்றுவன தொல்படிமங்கள் என்பது அவர் துணிபு. தாம் ஆராய்வது உள்ளத்தெழும் கடவுட் படிமமேயன்றிக் கடவுளையன்று என அவரே எல்லை வகுத்துக்கொண்டார். ஆகலின் அவர்பாற் குற்றமில்லை. அவ்வெல்லையைக் கடந்து ஆடவல்லானையே மனத்தின் படிமமாக்குவோரே வினவுதற்குரியர்.

தஞ்சை நெல்நாட்டில் வாழ்வார்க்கும் இவ்வேறுபாடு விளங்காமை வியப்பே. (இராசராசன் காலத்துக் கோயில் நெல்லளந்த மரக்காலுக்கும் ஆடவல்லான் என்றே பெயர்; பெரியகோயிற் கல்வெட்டுக்கள் கூறும்.) நிழல், ஒருவன் பிறந்து வளருங்கால் இடையே திரள்வது. ஆணவமோ நெல்லிற்கு உமி போல்வது. அரிசி முன்னே விளைய, உமி பின்னே வந்து மூடக் கண்ட உழவன் காவிரிக்கரையில் எவனுமிலன். உயிர் உள்ள அன்றே மலமும் உண்மையின் அதனைச் சகசமலம் என்றனர்.

இனி, நிழல் காணப்படுவது. கனவிலும், பிறன்மேல் எழும் காரணமற்ற வெறுப்பிலும் வெளிப்படுவது. ஆணவம் அத்தகையதன்று. புறவிருள் பிறவற்றை மறைப்பினும் தன்னைக் காட்டும். ஆணவம் தன்னையும் காட்டாது என்பது திருவருட்பயன் இருண்மலநிலையில் உமாபதி சிவம் காட்டிய கருத்து. அங்ஙனமாக, மருத்துவர்முன் அமர்ந்து 'இஃது என் நிழல்' என்று ஒருவன் சுட்டுவது ஆணவமாதல் யாங்ஙனம்? சுட்டுபவன் அறிவையே மூடி நிற்பதன்றோ அது! மனம் முதலிய கருவிகளும் நனவு கனவு முதலிய நிலைகளும் சிவஞானபோதம் நான்காஞ் சூத்திரத்து ஆராயப்பட்டன. அக்கருவிகள் மாயையின் காரியங்கள்; பொழுது புலருங்காறும் உதவும் அகல்விளக்கு அனையன. யுங்கின் ஆராய்ச்சி அவ்விளக்கொளியில் நிகழ்வது. விளக்கைப் பழிப்பாரிலர், அதனைக் கதிரவன் எனல் பிழை.

அற்றேல், முயலகனும் கொல்லப்படாது கிடக்கின்றானே, நிழலை ஏற்று இணைத்தலும் அதுவேயாம் எனின், அன்று. முத்தியினும் மலம் அழியாது. அதன் சத்தி மடங்கும். மடக்குவது திருவருள், உயிரின் தன்முயற்சியன்று. முயலகன் மிதியுண்டு கிடக்கின்றான், தழுவப்பட்டிலன். அவன் கூத்தப்பிரானுக்கு நிழலுமல்லன். இயல்பாகவே பாசங்களின் நீங்கிய பதிக்கு மறைபுறம் என ஒன்றில்லை, அஃதுடையது பசுவே.

இக்கொள்கை வேரூன்றின், சினத்தையும் செருக்கையும் 'என் நிழல்' என்று சீராட்டுவதே சாதனையாகிவிடும். தீக்கையும் திருக்கோயில் வழிபாடும் வேண்டாவென ஒழிக்கப்படும். மனநோயுற்றார் மருத்துவரை நாடுதல் தக்கதே. அவரைத் தடுத்துப் பதிகம் ஓதுவித்தல் போதும் என்பார் பேதையர். ஆயினும் நோய் நீங்கித் தன் நிழலையும் முற்றவறிந்தவன், பாசம் நீங்குதற்கு ஞானாசிரியன் திருமுன் சென்று இனித்தான் நிற்றல் வேண்டும்.