அடைமழையும் அடங்காத கால்களும்



அக்டோபர் பிறந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் நம் வீடுகளின் முகமே மாறிவிடுகிறது. முற்றத்துக் கதவு சாத்தப்படுகிறது. மாடிப்படி தாழிடப்படுகிறது. காயாத துணிகள் கூடத்துக் கொடியில் வந்து ஏறிக்கொள்கின்றன. பெரியவர்கள் சன்னலோரம் அமர்ந்து தேநீர் அருந்தியபடி மழையை ரசிக்கலாம். ஆனால் மூன்று வயதுப் பிள்ளை என்ன செய்யும்? கட்டிலில் ஏறிக் குதிக்கும். தலையணைகளை இழுத்துப் போடும். கூடத்திற்கும் அடுக்களைக்கும் இடையே நூறு முறை ஓடும். உடனே நம் வாயிலிருந்து புறப்படும் சொல் ஒன்று உண்டு: "சும்மா இரு!"

அந்தச் சொல்லைக் குறித்துத்தான் இம்மாதம் உங்களோடு சற்றுப் பேச விரும்புகிறேன். ஏனெனில், அச்சொல் பயனளிக்காதபோது அடுத்து வருவது பெரும்பாலும் முதுகில் ஓர் அடி, அல்லது கையில் ஒரு கைப்பேசி. அடி வாங்கிய பிள்ளை அழுது ஓய்கிறது. கைப்பேசி வாங்கிய பிள்ளை அழாமலே ஓய்ந்துவிடுகிறது. இரண்டையும் நாம் 'அமைதி' என்று எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அந்தப் பிள்ளை கேட்டது வேறொன்று. அதன் உடல் பசித்திருந்தது.

சோற்றுப் பசியைப் போன்றதே அசைவுப் பசியும். ஐம்புலன்களை நாம் அறிவோம். அவற்றுக்கு அப்பால் இரண்டு உணர்வுகள் வளரும் குழந்தைக்கு மிகவும் இன்றியமையாதவை. ஒன்று, சமநிலை உணர்வு. காதின் உட்பகுதியில் நீர்மம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. தலை திரும்பும் போதெல்லாம் அந்த நீர்மம் அசைந்து, உடல் எப்பக்கம் திரும்புகிறது என்பதை மூளைக்கு அறிவிக்கிறது. மற்றொன்று, தசைகளும் மூட்டுகளும் அனுப்பும் செய்தி. கண்ணை மூடிக்கொண்டும் சோற்றுக் கவளத்தை வாய்க்குச் சரியாகக் கொண்டு செல்கிறோமே, அது இவ்வுணர்வினால்தான். இவ்விரண்டும் ஓடியும் தாவியும் தூக்கியும் தள்ளியும் மட்டுமே பழகுபவை. கட்டிலில் குதிக்கும் பிள்ளை குறும்பு செய்வதாக நமக்குத் தோன்றுகிறது; அது தன் பாடத்தைப் படித்துக்கொண்டிருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தை நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடங்கள் உடலை அசைத்து விளையாட வேண்டும். மூன்று, நான்கு வயதினருக்கு அதில் 60 நிமிடங்களாவது மூச்சு வாங்கும் அளவுக்கு ஓட்டமும் ஆட்டமும் வேண்டும் என்கிறது அது. திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பது இரண்டு வயது நிறையாத குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். அதற்கு மேற்பட்டோர்க்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டலாகாது, குறைந்தால் இன்னும் நன்று என்பதும் அதன் அறிவுரை. மழை பெய்கிறது என்பதற்காகக் குழந்தையின் உடல் இக்கணக்கைத் தள்ளுபடி செய்துவிடுமா? திரை கண்ணுக்கும் காதுக்கும் மட்டுமே தீனி போடுகிறது. கையும் காலும் தோலும் மூக்கும் பட்டினி கிடக்கின்றன.

"வாப்பா வெளிநாட்டில், வீட்டில் நான் ஒருத்தி, சமையலும் கைக்குழந்தையும் இருக்க, விளையாட்டுக் காட்ட எனக்கேது நேரம்?" என்று நீங்கள் கேட்பது நியாயமே. நாள் முழுவதும் உடனிருந்து ஆட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம் நீங்கள் தொடங்கி வைத்தால் போதும். மீதியைக் குழந்தையே உங்கள் கண்பார்வையில் தொடர்ந்துகொள்ளும். காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருளும் எதுவுமில்லை.

முதலில் பாரம்

தூக்குவதும் தள்ளுவதும் இழுப்பதும் குழந்தையின் உடலை அமைதிப்படுத்தும் வேலைகள். துணிப்பையில் ஒரு கிலோ பருப்பை முடிந்து, "இதை அடுக்களைக்குக் கொண்டுவா மகனே" என்று சொல்லிப் பாருங்கள். பெரிய மனிதனைப் போல் நடந்து வருவான். மடித்த மெத்தையைக் கூடத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் தள்ளச் சொல்லுங்கள். அலசிய கைக்குட்டைகளைப் பிழியக் கொடுங்கள். இடியாப்பத்திற்குச் சுடுநீர் விட்டுக் கிளறிய மாவில் ஒரு பிடி ஆறியதும் எடுத்துக் கொடுத்தால், பிசைந்தும் உருட்டியும் அரைமணி நேரம் போக்கும். மூத்த பிள்ளை இளையதை உப்புமூட்டை தூக்கும் பழைய விளையாட்டும் இவ்வகையைச் சேர்ந்ததே.

நம் வீட்டுக் கோரைப்பாயும் ஒரு விளையாட்டுக் கருவிதான். நம் மக்கள் கைவண்ணத்தில் பத்தமடையில் உருவாகும் பாய் உலகறிந்தது. விரித்த பாயின் ஓரத்தில் பிள்ளையைப் படுக்க வைத்து, தலையும் கழுத்தும் வெளியே இருக்குமாறு, தளர்வாக ஒரு சுற்றுச் சுற்றி, மீண்டும் உருட்டி விடுங்கள். உடல் முழுவதும் மெல்லிய அழுத்தம் பரவுவதில் பிள்ளைகளுக்கு அலாதி இன்பம். பிள்ளை விரும்பினால் மட்டுமே இதைச் செய்யலாம். கைக்குழந்தைக்குக் கூடவே கூடாது.

அடுத்து அசைவு

பழைய புடவையை முறுக்கித் தரையில் நீட்டுங்கள். அதுவே ஆற்றுப் பாலம். விழாமல் நடக்க வேண்டும். கூடத்துக் கொடியில் தொங்கும் ஈரத் துணிகள் காடாகட்டும். அவற்றின் மேல் தலை படாமல் குனிந்து ஊர்ந்து செல்ல வேண்டும். நண்டைப் போல் பக்கவாட்டில் நடப்பதும், தவளையாகத் தாவுவதும், யானையாக அசைந்து வருவதும் எந்தச் சிறு அறைக்குள்ளும் அடங்கும். தட்டாமாலை சுற்றுவது சில சுற்றுகளோடு நிற்கட்டும். முகம் வெளிறினால் உடனே உட்கார வைத்துவிடுங்கள்.

பின்னர் தொடுதலும் முகர்தலும் கேட்டலும்

ஓடி ஆடிய பிறகே குழந்தை ஓரிடத்தில் அமரும். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவோர் அனைவரும் அறிந்த உண்மை இது. அப்போது ஒரு துணிப்பைக்குள் தேங்காய் நார், பட்டுத் துணி, சாக்குத் துண்டு, மரக்கரண்டி, பித்தளை டம்ளர் ஆகியவற்றைப் போட்டு, பாராமல் கைவிட்டு இன்னதென்று கூறச் சொல்லுங்கள். நெய்ச்சோற்றுக்கு வைத்திருக்கும் பட்டை, ஏலம், கிராம்பு ஆகியவற்றைச் சிறு துணிகளில் முடிந்து, கண்ணைப் பொத்தி முகரச் செய்யுங்கள். உணவுப் பொருளை வீணாக்குவது நமக்கு உவப்பானதன்று. ஆகவே தாம்பாளத்தில் பரப்பிக் கோலம் கீற அரிசிக்குப் பதிலாக அலசிக் காயவைத்த மணலே போதுமானது.

இத்தகைய பயிற்சிகளை ஒரு கல்விமுறையாகவே வகுத்தவர் இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி. 1907இல் ரோம் நகரின் ஏழைகள் வாழும் பகுதியில் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லத்திலிருந்து வளர்ந்த முறை அது. சொரசொரப்பும் வழவழப்புமான பலகைகள், ஓசைப் பெட்டிகள், தொட்டுணரும் எழுத்துகள் என யாவும் கையின் வழியே அறிவை வளர்ப்பவை. அந்த அம்மையார் 1939இல் நம் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். போரின் காரணமாக 1946 வரை இந்நாட்டிலேயே தங்க நேர்ந்தது. ஆனால் உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, கக்கம் வரை நண்டு ஓடவிட்டுச் சிரிக்க வைத்த நம் பாட்டிமார் எந்தப் பயிற்சிப் பள்ளிக்கும் சென்றவர்கள் அல்லர்!

மழையே ஒரு பாடம்

இடி மின்னல் இல்லாத நேரத்தில் சன்னல் வழியே குழந்தையின் கையை நீட்டச் செய்யுங்கள். ஓட்டின் மீதும் தகரத்தின் மீதும் வாழையிலையின் மீதும் மழை விழும் ஓசைகள் வெவ்வேறு என்று கேட்டறியட்டும். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள டப்பா ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, மழை விட்டதும் உள்ளே நிற்கும் நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்து காட்டுங்கள். வானிலை ஆய்வாளர்கள் சொல்லும் சென்டிமீட்டர் கணக்கு இதுதான். தமிழகம் வடகிழக்குப் பருவமழைக் காலம் முழுவதிலும் பெறும் சராசரி மழை சுமார் 44 சென்டிமீட்டர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்ததோ சுமார் 95 சென்டிமீட்டர்! அது ஏறத்தாழ ஒரு மூன்று வயதுக் குழந்தையின் உயரம். சுவரில் பிள்ளையை நிறுத்திக் கோடிட்டுக் காட்டினால், அந்தக் கணக்கு வாழ்நாளெல்லாம் மறவாது.

கவனம் தேவை

சில எச்சரிக்கைகளையும் கூறியாக வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையிடம் புளியங்கொட்டை, மஞ்சாடி, கிராம்பு, பாசிமணி போன்ற சிறு பொருள்களைக் கொடுக்கலாகாது. தொண்டையில் அடைத்தால் மூச்சு நின்றுவிடும். உடைந்த பலூன் துண்டும் அவ்வாறே ஆபத்தானது. சில அங்குல நீர்கூடச் சிறு குழந்தையை மூழ்கடிக்கும். ஆதலால் வாளி நீரோடு பிள்ளையைத் தனியே விட்டு வாசலுக்குக்கூடச் செல்லாதீர்கள். சிமெண்டுத் தரையில் ஈரம் இருந்தால் ஓட்டம் வேண்டாம். தலையணை மேல் தாவுவதாயின் அது வழுக்காதவாறு கீழே மெத்தையை விரியுங்கள்.

சில குழந்தைகள் மணலையோ மாவையோ தொடவே கூசுவார்கள். சிலர் சிறு ஓசைக்கும் காதைப் பொத்துவார்கள். அவர்களைக் கட்டாயப்படுத்தாதீர்கள், பார்த்துக்கொண்டிருக்கட்டும், நாளடைவில் தாமே வருவார்கள். அந்தக் கூச்சம் உண்பதற்கும் உடுப்பதற்கும் உறங்குவதற்கும் இடையூறாக நீடித்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விளையாடிய கூடம் சற்றுக் கலைந்துதான் கிடக்கும். அதற்காக மருமகளைக் கடிந்துகொள்ளாதீர்கள். சிந்திய மணலைக் கூட்டுவதும் தலையணைகளை அடுக்குவதும்கூடக் குழந்தைக்கு விளையாட்டே. அதன் கையில் ஒரு சிறு விளக்குமாற்றைக் கொடுங்கள்.

அடுத்த மழை நாளில் பிள்ளை கட்டிலில் ஏறிக் குதிக்கத் தொடங்கும்போது, "சும்மா இரு" என்ற சொல் உங்கள் நாவில் எழும். அதைச் சற்றே அடக்கிக்கொண்டு, "இந்தப் பையைத் தூக்கு, பார்ப்போம்!" என்று சொல்லிப் பாருங்கள், சகோதரிகளே. அன்றிரவு அப்பிள்ளை எவ்வளவு ஆழ்ந்து உறங்குகிறது என்பதை நீங்களே காண்பீர்கள், இன்ஷா அல்லாஹ்.