நீட்டில் விட்டவர்களுக்கான படிப்பா இது?

நீட் முடிவு வரும் வாரத்தில் பாளையங்கோட்டையில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். எம்.பி.பி.எஸ். கிடைக்காவிட்டால் பிள்ளையை எதில் சேர்ப்பது? கடல் உயிரியல் என்று பிள்ளை வாயெடுத்தால், அதைப் படித்தவனுக்கு யார் வேலை கொடுத்தார்கள் என்று பதில் வரும். மதிப்பெண் குறைந்தவர்கள் ஒதுங்கும் படிப்பு, அதுவும் சோறு போடாத படிப்பு என்ற இந்த எண்ணம் பெற்றோரோடு நிற்காமல் ஆசிரியர்களிடமும் ஊறிக் கிடக்கிறது. எங்கே நினைத்தாலும் இது தவறு. தாமிரபரணிக் கரையில் இருந்துகொண்டு நினைப்பது பெருந்தவறு.

கடல் நமக்கு அயல் என்று கருதுவதிலேயே பிசகு தொடங்குகிறது. 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமானதோடு கடலும் போய்விட்டது போலப் பேசுகிறோம். உவரியும் கூத்தங்குழியும் இடிந்தகரையும் இன்றைக்கும் திருநெல்வேலி மாவட்ட ஊர்கள். பொதிகையில் பிறக்கும் ஆறு புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவைத் தொடுகிறது. ஒரு காலத்தில் அதன் முகத்துவாரத்தில் முத்துத் துறையாக இருந்த கொற்கை, வண்டல் சேர்ந்து சேர்ந்து, இன்று கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. அந்த முத்தை மனிதக் கையால் விளைவிக்க முடியும் என்று 1973இல் காட்டியது தூத்துக்குடியில் இருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம். கே. அழகர்சுவாமியும் உடனிருந்தவர்களும் செய்த வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். சிப்பி சாகாதபடி வாயை லேசாகத் திறந்து, உள்ளுறுப்பில் சின்னக் கீறல் போட்டு, ஓட்டில் கடைந்த மணி ஒன்றையும் வேறொரு சிப்பியின் மேலுறையில் வெட்டிய துணுக்கையும் ஒன்றையொன்று தொட்டபடி வைக்க வேண்டும். துணுக்கின் செல்கள் மணியைச் சுற்றிப் படர்ந்தால்தான் முத்து. இதற்கு வேண்டிய கைப்பக்குவம் அறுவை சிகிச்சை மருத்துவருடையதற்கு எந்த விதத்தில் குறைந்தது?

வேலை எங்கே என்பார்கள். கூடங்குளம் அணுமின் நிலையம் குளிர்விக்கக் கடல்நீரை எடுத்து, சூடேறிய நீரைக் கடலிலேயே விடுகிறது. அந்தச் சூட்டில் மீன்குஞ்சும் மிதவை உயிர்களும் என்னாகின்றன என்று மாதிரி எடுத்து, நுண்ணோக்கியில் எண்ணிச் சொல்ல ஆள் வேண்டும். 2016இல் மன்னார் வளைகுடாப் பவளங்கள் வெளிறியபோது எத்தனை மடிந்தன, எத்தனை தேறின என்று நீருக்குள் இறங்கிக் கணக்கெடுக்க வேண்டியிருந்தது. மீன்வளத் துறை, இறால் குஞ்சுப் பொரிப்பகங்கள், ஏற்றுமதி நிறுவனங்களின் தரப் பரிசோதனைக் கூடங்கள் எல்லாம் இருக்கவே இருக்கின்றன. நிரந்தர ஆராய்ச்சிப் பணியிடங்கள் குறைவு என்பது உண்மை. முனைவர் பட்டம் வேண்டும், தேசியத் தேர்வு எழுத வேண்டும். அதுவரை இரண்டு மூன்று ஆண்டுத் திட்டப் பணிகளில் ஓட்ட வேண்டியிருக்கும். இதை மறைத்துப் பிள்ளைகளை இழுப்பதும் துரோகம்தான். ஆனால் பணியிடம் ஏன் குறைவு என்று அரசைக் கேட்க வேண்டியவர்கள், அதையே காரணம் காட்டிப் பிள்ளையின் வாயை அடைப்பது என்ன நியாயம்? கடன் வாங்கிப் பொறியியலில் சேர்க்கும்போது இந்தக் கேள்வியை இவ்வளவு கறாராக யாரும் கேட்பதில்லையே.

பட்டத்தின் பெயரில் கடல் இருந்தாக வேண்டும் என்பது இன்னொரு மயக்கம். பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் விலங்கியல் படித்துவிட்டு, பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையத்திலோ, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் ராஜாக்கமங்கலம் மையத்திலோ மேற்படிப்புக்குப் போகலாம். 1977 முதல் இயங்கும் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் சேர நீட் தேவையில்லை. நீச்சலைவிடப் புள்ளியியல்தான் அதிகம் கைகொடுக்கும் என்பதைப் பிளஸ் டூவிலேயே சொல்லிவிட வேண்டும்.

கடலோரத்துப் பிள்ளைக்குச் சரி, டவுன் பிள்ளைக்கு எதற்கு என்று கேட்பவர்கள் விலாங்கை நினைத்துப் பார்க்கட்டும். ஆற்றில் வளர்ந்து முதிர்கிறது. முட்டையிடக் கடலுக்குப் போகிறது. அங்கே பொரித்த குஞ்சு மறுபடி ஆறு தேடி வருகிறது. நம் ஆற்று விலாங்கு கடலில் எந்த இடத்தில் முட்டையிடுகிறது என்பது இன்னும் துல்லியமாகக் கண்டறியப்படவில்லை.