வாயில்லா நோயாளியும் வாய்ச்சொல் மருத்துவரும்

நாய் நன்றியுள்ள விலங்கு என்று கட்டுரை எழுதாத தமிழ் மாணவர் இந்நாட்டில் இரார். அக்கட்டுரையைத் திருத்தும் ஆசிரியர்களாகிய நாமும் நாயின் நன்றிக்கு மதிப்பெண் வழங்கத் தவறுவதில்லை. ஆனால், அந்நன்றிக்கு நாம் செய்யும் கைம்மாறு யாது? எந்தத் தேர்வுத்தாளும் கேட்காத இவ்வினாவை இங்கே எழுப்ப விரும்புகிறேன்.

அல்சேஷன் எனப்படும் ஜெர்மானிய மேய்ப்பு நாயையும், ராட்வைலரையும், டோபர்மேனையும் நம்மவர் பலர் ஆசையோடு வளர்க்கின்றனர். வீட்டுக் காவல் என்பது சொல்லப்படும் காரணம். அண்டை வீட்டார் அஞ்சி நோக்குவதில் கிட்டும் பெருமிதம் சொல்லப்படாத காரணம். நாயை வாங்க வெள்ளியை அள்ளிக் கொடுக்கும் அதே கை, அது நோயுற்றால் கால்நடை மருத்துவரை நாடாமல் வீட்டு மருந்துப் பெட்டியைத் துழாவுகிறது. "ஆள் எடை இருக்கிறதே, ஆளுக்குரிய மாத்திரையைத் தாங்காதா?" என்பதே இவர்கள் கற்ற மருத்துவ நூல். இந்நூலைத்தான் எரிக்க வேண்டும் என்கிறேன்.

மருந்தின் விளைவு உடலின் பருமனை மட்டும் பொறுத்ததன்று. அம்மருந்தை மாற்றி வெளியேற்றும் ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றின் இயல்பையும் பொறுத்தது. நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் பாராசிட்டமால், அளவு மீறினால் நாயின் ஈரலைச் சிதைக்கும். உயிர்வளியைச் சுமக்கும் குருதியின் ஆற்றலையும் கெடுக்கும். ஐபுபுரோபன் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும். அளவு ஏறினால் சிறுநீரகத்தையும் அழிக்கும். நாய்க்கென்றே அமைந்த கார்புரோபன் முதலிய வலிநீக்கிகளைக்கூட ஸ்டீராய்டு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தல் ஆகாது. மருத்துவர் அஞ்சிக் கையாள்வதை நாம் அஞ்சாமல் அள்ளி ஊட்டுவது துணிவன்று, அறியாமை.

உண்ணிக்கும் சொறிக்கும் மாட்டுக்குரிய ஐவர்மெக்டின் ஊசிமருந்தைப் பயன்படுத்துவோரும் உளர். மாணவர்களே, இங்கே ஒரு கணக்குப் போடுங்கள். கொசுவால் பரவும் இதயப்புழுவைத் தடுக்க, நாயின் எடையில் கிலோவுக்கு 6 மைக்ரோகிராம் போதும். 30 கிலோ நாய்க்கு 180 மைக்ரோகிராம். வழக்கமான மாட்டு ஊசிமருந்தின் ஒரு மில்லிலிட்டரில் இருப்பதோ 10,000 மைக்ரோகிராம். அதாவது ஐம்பது மடங்கிற்கும் மேல்! சில நோய்களுக்கு மருத்துவர் கூடுதல் அளவு தருவதுண்டு; ஆனால், எந்த நாய்க்குத் தரலாகாது என்பதை அறிந்தே தருவார். கோலி இன நாய்கள் பலவற்றிலும், ஜெர்மானிய மேய்ப்பு நாய்கள் சிலவற்றிலும், மருந்து மூளைக்குள் புகாமல் காக்கும் மரபணு பழுதுற்றிருப்பது 2001க்குப் பின் தெளிவாயிற்று. அத்தகைய நாய்க்கு அளவு மிகுந்தால் நடுக்கமும், பார்வைக் கேடும், நினைவிழப்பும், சாவும் நேரலாம். புறத்தோற்றத்தில் இப்பழுது தெரியாது.

மருந்தே பயன்படாத நோயும் ஒன்றுண்டு. ஆழ்ந்த மார்புடைய பெரிய நாய்களின் இரைப்பை, காற்றால் உப்பி முறுக்கிக்கொள்வதுண்டு. வயிறு புடைக்கும், நாய் ஓங்கரிக்கும், ஆனால் ஒன்றும் வெளிவாராது, நிலைகொள்ளாமல் தவிக்கும். சில மணி நேரத்திற்குள் அறுவை மருத்துவம் செய்யாவிடில் உயிர் போகும். என் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் தன் நாய் வயிறு ஊதி இறந்ததைச் சொல்லிவிட்டு, "ஓமத்தண்ணீரை இன்னும் கொஞ்சம் ஊற்றியிருந்தால் பிழைத்திருக்குமா, சார்?" என்று கேட்டான். பெரியோரிடமிருந்து அச்சிறுவன் கற்ற பாடத்தை எண்ணிப் பாருங்கள்! மருந்து தவறு என்பதன்று, மருந்து போதவில்லை என்பதே அவன் கற்றது. நாளை இவன் தன் தாய்க்கும் பிள்ளைக்கும் இவ்வாறே மருந்து கொடுக்க மாட்டான் என்பது என்ன உறுதி?

குட்டியின் எலும்பு உரம் பெறக் கால்சியம் மாத்திரை ஊட்டுவதும் இத்தகையதே. வளரும் பேரினக் குட்டியின் குடல், மிகுதியான கால்சியத்தைத் தள்ளிவிடும் திறன் குறைந்தது. தக்க உணவு உண்ணும் குட்டிக்கு மேலும் ஊட்டினால், உரம் பெற வேண்டிய எலும்பே கோணும். இடுப்பு மூட்டு பொருந்தாக் குறையோ பெரும்பாலும் மரபுவழி வருவது. அதிகத் தீனியால் குட்டி விரைந்து பருத்தால் அக்குறை மிகும்.

"மருத்துவச் செலவைத் தாங்குவது எப்படி?" என்பர் சிலர். ஏழையின் இடர்ப்பாட்டை நான் மறுக்கவில்லை. ஆயினும், பெரிய நாய் வேண்டும் என்று எவரும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லையே! தாங்க இயலாதார் சிறிய நாயை வளர்க்கலாம்; வளர்க்காமலும் இருக்கலாம். மருந்து கொடுக்குமுன் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசப் பெருஞ்செலவு ஆகாது. "மனிதனுக்கே மருந்தில்லை, நாய்க்கா?" என்பாரும் உளர். மனிதனின் மருந்தை நாய்க்கு வீணாக்குவோர் இவ்வாதத்தைப் பேசுவதுதான் விந்தை! நோயிலிருந்தும் வலியிலிருந்தும் விலங்கைக் காப்பது உரிமையாளரின் கடமை என மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும் விதித்துள்ளது.

மருந்துக்கெனத் தனி அதிகாரம் வகுத்த திருக்குறள், நோயாளி, மருத்துவன், மருந்து, துணை நிற்பவன் ஆகிய நான்கையும் சேர்த்தே மருத்துவம் என்கிறது. நம் இல்லங்களில் துணை நிற்பவனே மருத்துவனின் இருக்கையைப் பறித்துக்கொண்டான். வாயில்லா நோயாளி அதை எதிர்த்து முறையிடவும் இயலாது.

ஆசிரியப் பெருமக்களே! அடுத்த முறை நாயைப் பற்றிக் கட்டுரை எழுதப் பணிக்கும்போது, நாயின் நன்றியோடு வளர்ப்பவரின் கடமையையும் எழுதச் சொல்லுங்கள். மாணவச் செல்வங்களே! வீட்டில் நாய் நோயுற்றால் எடையைக் குறித்து வையுங்கள். உண்டதையும் கொடுத்த மருந்தையும் நேரத்தோடு எழுதி வையுங்கள். மருத்துவரைக் கேளாமல் எவர் மாத்திரையை நீட்டினும், பணிவோடு, ஆனால் உறுதியோடு தடுத்து நிறுத்துங்கள். பெரியோர் சினந்தால் சினக்கட்டும். பேச இயலாத உயிருக்காகப் பேசுவதற்கும் அன்றோ நாம் உங்களுக்கு மொழி கற்பிக்கின்றோம்!