பிள்ளைக்கு சாக்ஸபோன் வாங்கப் போகிறீர்களா?

இணையத்தில் பளபளவென்று மலிவாகக் கிடைக்கும் புது ஆல்டோ சாக்ஸபோனை ஆரம்ப மாணவருக்கு வாங்காதீர்கள் என்பேன். துளைகளை மூடும் பேட் சரியாகப் படியாவிட்டால் காற்று கசியும். கீழ்ச் சுரங்கள் வராது. பிள்ளையோ தனக்குத்தான் மூச்சு போதவில்லை என்று நினைத்து ஒதுங்கிவிடும். மை கசியும் பேனாவைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்து சரியில்லை என்று திட்டுவதைப் போலத்தான் இதுவும். வகுப்பில் எத்தனை பார்த்திருக்கிறேன்!

நல்ல நிலையில் உள்ள பழைய யமஹா கிடைத்தால் அதுவே மேல். வாசிக்கத் தெரிந்தவரைக் கூட்டிப்போய் ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள். கீழ் பி ஃபிளாட் வரை மெதுவாக ஊதினாலும் ஒலி வர வேண்டும். ரீடு 2 அல்லது 2½ போதும். (கத்ரி கோபால்நாத் கர்நாடக இசை வாசித்ததும் ஆல்டோவில்தான்!) கையில் பணம் இல்லையா? பள்ளி வாத்தியத்திலேயே இன்னும் ஒரு வருடம் பழகட்டும்.