ஓட்டப் பந்தயத்துக்கும் ஒரு கடைமடை உண்டு

நம் பக்கத்து விவசாயிகள் மேட்டூரில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்பதோடு பேச்சை முடிக்க மாட்டார்கள். கடைமடைக்கு வந்து சேர்ந்ததா என்பதுதான் அவர்கள் கேள்வி. ஜூன் 12 ஆம் தேதி அணை திறப்பதும், பூத்தூவுவதும், மறுநாள் பேப்பரில் படம் வருவதும் ஒரு பக்கம் இருக்கட்டும். சீர்காழி, தரங்கம்பாடிப் பக்கத்துக் கடைசி வாய்க்காலில் தண்ணீர் ஏறினால்தான் அந்த வருஷம் தண்ணீர் விட்டதாகக் கணக்கு.

ஊர் ஊராக நடக்கிற ஓட்டப் பந்தயங்களுக்கும் இதே கணக்கு வேண்டும் என்பது என் கட்சி. முதலாவதாக வந்தவர் எத்தனை நிமிஷத்தில் வந்தார் என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள். கடைசியாக வந்தவர் வந்து சேரும்போது அங்கே யார் இருந்தார்கள், தண்ணீர் இருந்ததா என்று ஒருவரும் எழுதுவதில்லை. பந்தயம் நன்றாக நடந்ததா என்பதை அங்கேதான் பார்க்க வேண்டும்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். தகுதி, நான் கடைசிப் பக்கத்து ஆள் என்பதுதான். அஞ்சல் துறையில் 36 வருஷம் வேலை பார்த்து 60 வயதில் ஓய்வு பெற்றேன். சர்க்கரை கூடியிருக்கிறது, நடங்கள் என்றார் டாக்டர். நடந்தேன். 61 வயதில் நடை மெல்ல ஓட்டமானது. முதலில் ராஜன் தோட்டம் மைதானம், பிறகு விடியற்காலையில் பூம்புகார் சாலை. இப்போது வயது 68. பத்துக் கிலோமீட்டரை ஒரு மணி இருபது நிமிஷத்தில் ஓடுவேன். வேகமான பையன்கள் அந்த நேரத்தில் இரண்டு தடவை ஓடிவிட்டு டீயும் குடித்துவிடுவார்கள். சுற்று வட்டார மாவட்டங்களில் 5, 10 கிலோமீட்டர் ஓட்டங்கள் பல, அரை மாரத்தான் இரண்டு, டிரையத்லான் ஒன்று. இவ்வளவுதான் என் விளையாட்டுச் சரித்திரம்.

'மாரத்தான்' என்ற சொல்லைப் பற்றி முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் ஊர் நோட்டீஸ்களில் மூன்று கிலோமீட்டர் ஓட்டமும் மாரத்தான்தான். அசல் மாரத்தான் 42.195 கிலோமீட்டர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம் அது. 1921 இல் அதையே அதிகாரபூர்வமாக நிலைநிறுத்தினார்கள். அதில் பாதி அரை மாரத்தான், 21.1 கிலோமீட்டர். மூன்று கிலோமீட்டருக்கு மாரத்தான் என்று பெயர் வைப்பது திண்ணையில் ஏறி இறங்கியதை மலையேற்றம் என்பது போலத்தான். ஆனால் அதன் பேரில் நாலு பேர் வீட்டை விட்டு வெளியே வருகிறார்கள் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. எனக்கு ஆட்சேபணை வேறு மூன்று விஷயங்களில்.

முதலாவது, வயது. பேரறிஞர் அண்ணா பிறந்தநாளை ஒட்டி, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் நெடுந்தூர ஓட்டப் போட்டி நடத்துகிறது. நல்ல காரியம். கட்டணம் கேட்டுக் கசக்கும் தனியார் ஓட்டங்களுக்கு நடுவே இது ஏழைப் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும் கதவு. அண்மை வருஷங்களில் அதில் 17 முதல் 25 வயது வரை ஒரு பிரிவு, 25 வயதுக்கு மேல் ஒரு பிரிவு. முதல் பிரிவில் ஆண்களுக்கு 8 கிலோமீட்டர், இரண்டாவதில் 10 கிலோமீட்டர். பெண்களுக்கு இரண்டிலும் 5 கிலோமீட்டர். ஆக, 26 வயதுப் போலீஸ்காரரும் 66 வயதுத் தாத்தாவும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். தனியார் நடத்தும் ஓட்டங்கள் பலவற்றிலும் இதே கதைதான். 'பொதுப் பிரிவு' என்று ஒன்றைப் போட்டு எல்லோரையும் அதில் தள்ளிவிடுவார்கள்.

உலக மூத்தோர் தடகளத்தில் 35 வயதிலிருந்து ஐந்தைந்து வயதாகப் பிரிக்கிறார்கள். 65 வயதுக்காரர் 65 முதல் 69 வரை உள்ளவர்களோடுதான் போட்டி போடுவார். நம் ஊர் ஓட்டத்தில் அவ்வளவு வேண்டாம். 40க்கு மேல் ஒன்று, 60க்கு மேல் ஒன்று என்று இரண்டு பிரிவு கூடுதலாகப் போட்டால் போதும். பரிசுப் பணம்கூட வேண்டாம். ஒரு தாளில் பெயரும் நேரமும் அச்சடித்துக் கொடுங்கள். 60 தாண்டியவர்களுக்கு அதுவே மூன்று மாசப் பயிற்சிக்கான மருந்து.

'அந்த வயதில் யார் வருவார்கள், பிரிவு போட்டால் காலியாகத்தானே கிடக்கும்' என்று ஒரு அமைப்பாளர் என்னிடம் கேட்டார். அமெரிக்காவில் மடோனா பூடர் என்று ஒரு கன்னியாஸ்திரி. 48 வயதில் ஓட ஆரம்பித்தவர். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதன் மேல் ஒரு முழு மாரத்தான் என்று ஒரே நாளில் முடிக்க வேண்டிய 'அயர்ன்மேன்' போட்டியை 2012 இல் தமது 82 ஆவது வயதில் முடித்தார். அவர் வயது ஏற ஏற, அவருக்காகவே புதிய வயதுப் பிரிவுகளைத் திறக்க வேண்டியிருந்தது. ஆள் வந்த பிறகுதான் பிரிவு என்று காத்திருந்தால் ஒருவரும் வர மாட்டார்கள். வாய்க்காலை வெட்டி வைத்தால்தான் தண்ணீர் வரும்.

இரண்டாவது, தண்ணீர். இதுதான் முக்கியம். ஒரு பக்கத்து மாவட்டத்தில் நடந்த பத்துக் கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். காலை 5.30க்குத் தொடக்கம் என்று போட்டிருந்தார்கள். கொடியசைக்கச் சிறப்பு விருந்தினர் வர வேண்டுமே, அதனால் 6.10 ஆகிவிட்டது. எட்டாவது கிலோமீட்டரில் நான் வரும்போது தண்ணீர் மேஜையை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முடிவுக் கோட்டில் நின்ற காற்றடைத்த வளைவு பாதி படுத்துக் கிடந்தது. மெடல் தீர்ந்துவிட்டதாம். எனக்குப் பின்னால் ஒரு அம்மாள் வந்தார். ஐம்பது வயதிருக்கும், தையல் வேலை செய்கிறவர், அதுதான் அவருக்கு முதல் ஓட்டம். மூச்சு வாங்க என்னிடம், 'ஐயா, முடியிற இடம் எங்க?' என்று கேட்டார். 'நீங்க நிக்கிற இடந்தாம்மா' என்றேன். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மூன்று மாதமாகப் பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றிப் பழகியதாகப் பிறகு சொன்னார். முதலில் வந்தவர் கட்டிய அதே 500 ரூபாய்தான் அவரும் கட்டியிருந்தார். அதற்குப் பிறகு அவரை எந்த ஓட்டத்திலும் நான் பார்க்கவில்லை.

மனவருத்தம் ஒரு பக்கம், உடம்பைப் பாருங்கள். நம் டெல்டாவில் ஏழரை மணி வெயிலே சுள்ளென்று அடிக்கும். அதைவிட மோசம் புழுக்கம். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது, சூடு உள்ளேயே தங்கிவிடும். வயதானவர்களுக்குத் தாகம் தெரிவதும் குறைவு, வியர்ப்பதும் குறைவு. முதலில் வருகிற பையன் 35 நிமிஷத்தில், குளிர்ச்சியான வேளையிலேயே ஓடி முடித்துவிடுவான். அவன் ஒரு மடக்குக் கூடக் குடிக்காமல் போனாலும் போவான். ஒன்றரை மணி நேரம் ஓடுகிறவர் வெயிலில் ஓடுகிறார், அவர்தான் வயதானவர், அவர்தான் சர்க்கரைக்காரர். அவருக்குத்தான் தண்ணீர் இல்லை! தண்ணீர் மேஜை முதலில் எடுக்கப்படுவது அது அதிகம் தேவைப்படுகிறவர் வருவதற்கு முன்னால் என்றால், இதை அலட்சியம் என்று மட்டும் சொல்ல முடியாது, ஆபத்து.

மூன்றாவது, நேரம். பெரிய நகரங்களில் நம் சட்டை எண்ணின் பின்னால் சிப் ஒட்டியிருக்கும். தொடக்கக் கோட்டிலும் முடிவுக் கோட்டிலும் போட்டிருக்கும் பாயைத் தாண்டும்போது அது நேரத்தைப் பதிந்துகொள்ளும். ஆயிரம் பேர் நிற்கும் கூட்டத்தில் பின்னால் நிற்பவர் தொடக்கக் கோட்டை வந்து தொடவே இரண்டு மூன்று நிமிஷம் ஆகும். சிப் இருந்தால் அந்த நிமிஷங்கள் கழிந்துவிடும். சிறிய ஊர் ஓட்டத்தில் சிப்புக்குச் செலவு செய்ய முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு நோட்டுப் புத்தகம், இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் போதும். ஆனால் முதல் பத்துப் பேர் வந்ததும் அந்த நோட்டு மூடப்பட்டுவிடுகிறது. பதினோராவது ஆளுக்குத் தன் நேரம் தெரியாது. போன வருஷத்தைவிட இரண்டு நிமிஷம் குறைத்திருக்கிறோமா என்பதுதான் எங்களைப் போன்றவர்கள் ஜெயிக்கும் ஒரே பந்தயம். அதைத் தெரிந்துகொள்ள வழியில்லாமல் போகிறது.

அமைப்பாளர்கள் பக்கமும் நியாயம் உண்டு. போலீஸ் அனுமதி குறிப்பிட்ட நேரம் வரைதான். எட்டு மணிக்குப் பள்ளிக்கூட வேன்கள், பஸ்கள் வந்துவிடும். உதவிக்கு வரும் பிள்ளைகள் நாலு மணிக்கே எழுந்தவர்கள், பசிக்கும். நேர வரம்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. தென்னாப்பிரிக்காவில் 1921 முதல் நடக்கும் காம்ரேட்ஸ் ஓட்டம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். பன்னிரண்டு மணி நேரம் ஆனதும் துப்பாக்கி வெடிக்கும், அதற்கு ஒரு நொடி பிந்தினாலும் கணக்கில் சேராது. கொடுமைதான், ஆனால் நேர்மையான கொடுமை. பன்னிரண்டு மணி என்று சொன்னால் பன்னிரண்டு மணி வரை மேஜையும் இருக்கும், கூட்டமும் இருக்கும். ஹவாயின் அயர்ன்மேன் போட்டியிலும் நள்ளிரவு நெருங்கும்போது கடைசி ஆட்களை வரவேற்கக் கூட்டம் திரளும். காலையில் தொடங்கி மாலைக்குள் ஜெயித்துவிட்டுப் போனவர்களே திரும்பி வந்து கைதட்டுவார்கள்.

அந்த மரியாதை எப்படி இருக்கும் என்பது எனக்கும் ஒரு தடவை கிடைத்தது. ஒரு நகரத்தில் நடந்த சின்ன டிரையத்லான். நீச்சல் 750 மீட்டர், சைக்கிள் 20 கிலோமீட்டர், ஓட்டம் 5 கிலோமீட்டர். நீச்சல் நான் எட்டு வயதில் காவிரியில் கற்றது. சைக்கிள் நம் தொழில். ஓட்டத்தில்தான் கால் கெஞ்சியது. கடைசி ஆள் நானேதான். எனக்குப் பின்னால் ஒரு பையன் சைக்கிளில் மெதுவாக வந்துகொண்டே இருந்தான். 'நீங்க மெதுவா வாங்க சார், நான்தான் கடைசி' என்றான். முடிவுக் கோட்டில் ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொன்னார்கள். கடைசியாகத்தான் சொன்னார்கள், ஆனால் சொன்னார்கள்.

அந்தப் பையன் செய்த வேலைக்கு வெளிநாட்டில் ஒரு முறையே உண்டு. 2004 அக்டோபரில் லண்டன் புஷி பூங்காவில் 13 பேர் ஓடித் தொடங்கிய 'பார்க்ரன்' இன்று சிங்கப்பூர், மலேசியா வரை வந்திருக்கிறது. வாராவாரம், 5 கிலோமீட்டர், கட்டணம் கிடையாது. அதில் ஒரு தொண்டர் எல்லோருக்கும் பின்னால் நடந்து வருவார். கடைசி இடம் எப்போதும் அவருக்குத்தான், அதனால் வேறு யாரும் கடைசி ஆக முடியாது.

நம் ஊருக்கு நான் கேட்பது இவ்வளவுதான். நோட்டீசிலேயே முடிவு நேரத்தைப் போடுங்கள், பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு மணி நாற்பது நிமிஷம் கொடுங்கள், அதுவரை ஒரு மேஜையையும் மடக்காதீர்கள். 5.30 என்றால் 5.30க்குக் கொடியசையுங்கள், சிறப்பு விருந்தினர் பரிசளிக்க வந்தால் போதும். ஒரே நீளச் சாலையாக இல்லாமல் இரண்டு சுற்றாகப் பாதை போட்டால் பாதி மேஜை போதும், பாதி போலீஸ் போதும். சைக்கிளில் ஒருவர் கடைசியில் வரட்டும். பதிவு செய்த எண்ணிக்கைக்கு மெடல் செய்யுங்கள். இதில் எதற்கும் பெரிய செலவு இல்லை.

2023 நவம்பரில் 38 மாவட்டங்களிலும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதைத் திட்டம் தொடங்கினார்கள். மக்களை நடக்க வைக்க அரசே முயற்சி எடுக்கும் காலம் இது. நடக்கிறவரை ஓட வைப்பதும், ஓடியவரை அடுத்த வருஷமும் வர வைப்பதும் உள்ளூர்க்காரர்கள் கையில்தான் இருக்கிறது.

மாயவரத்துக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. ஐப்பசி முழுக்கத் துலாக் கட்டத்தில் முழுக்கு. மாதக் கடைசி நாளோடு முழுக்கு முடிந்துவிடுகிறது, ஊரே வந்து குளித்துவிட்டுப் போய்விடுகிறது. கால் ஊனமான ஒருவர் எங்கிருந்தோ புறப்பட்டு, வந்து சேரும்போது ஐப்பசி போய்விட்டது. அவருக்கும் அதே பலன் உண்டு என்று சுவாமி அருளினாராம். அதனால்தான் கார்த்திகை முதல் நாளில் முடவன் முழுக்கு. பிந்தி வந்த ஒருவருக்காக ஒரு நாளையே கூட்டி வைத்த ஊர் இது. அவருக்காக ஒரு தண்ணீர் மேஜையை இன்னும் அரை மணி நேரம் வைத்திருப்பது நமக்கு முடியாத காரியமா?